ஒயினை முகர்ந்ததும் சின்ன வயது ஞாபகம் வந்தால் அது தப்பான சுவைத்தலா?

கேள்வி இது: "ஒயின் சுவைக்க இப்போதுதான் பழகுகிறேன். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் ஒன்றில் பள்ளிக்கூடத்துப் பென்சில் டப்பா, இன்னொன்றில் காய்ச்சலுக்குக் குடித்த சிவப்பு மருந்து, வேறொன்றில் மழையில் ஊறிய அட்டைப்பெட்டி ஞாபகம் வருகிறது. பாட்டில் குறிப்புகளிலோ பிளாக்கரன்ட், வயலட் பூ, நனைந்த பாறை என்று இருக்கிறது. என் மூக்கில் கோளாறா? இந்த நினைவுகளை ஒதுக்கிவிட்டு ஒழுங்காகச் சுவைக்கப் பழக வேண்டுமா?"

ஒதுக்க வேண்டாம். சுவைக்க உட்காரும் ஒருவரிடம் அந்த நினைவுகளை விட்டால் வேறு முதல் கிடையாது. உங்களுக்கு வந்த மூன்றுமே பாட்டிலுக்குள் நிஜமாக இருக்கக்கூடிய விஷயங்கள். மூன்றாவது ஒரு முக்கியமான எச்சரிக்கையும்கூட.

பென்சிலை எடுத்துக்கொள்வோம். பென்சில் செய்ய நெடுங்காலமாகப் பயன்படுவது சீடார் வகை மரம். பிரான்ஸின் போர்தோ பகுதியில் கபர்னே சொவின்யோன் திராட்சையில் செய்து, ஓக் பீப்பாயில் வைத்து முதிரவிட்ட சிவப்பு ஒயின்களைப் பற்றி எழுதும்போது 'சீடார்', 'பென்சில் சீவல்' என்று சொல்வது தொழில்முறைச் சுவைஞர்களிடம் சர்வ சாதாரணம். அவர்கள் சொல்லும் இடத்துக்கே நீங்களும் உங்கள் வழியில் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். சிவப்பு மருந்து பெரும்பாலும் செர்ரி வாசனை போட்டதாக இருந்திருக்கும். செயற்கைச் செர்ரி வாசனைக்கு அடிப்படை பென்சால்டிஹைடு என்ற பொருள். ஒயினிலும் அது உண்டு. திராட்சையை நசுக்காமல் முழுக் குலையாகவே, கரியமில வாயு நிறைந்த மூடிய தொட்டியில் நொதிக்கவிடும், பிரான்ஸின் போஜொலே பகுதிப் பாணி ஒயின்களில் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

ஊறிய அட்டைப்பெட்டி விஷயம் வேறு. அது பெரும்பாலும் 'கார்க் கெட்டுப்போன' ஒயின். கார்க்கில் வாழும் பூஞ்சைகள், குளோரின் கலந்த சில பொருள்களை ட்ரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மமாக மாற்றிவிடும். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அது தன் வாசனையைக் காட்டுவதோடு நிற்காது, நம் மூக்கின் செல்கள் மற்ற மணங்களை உணர்வதையும் அமுக்கிவிடும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். அதனால்தான் லேசாகக் கெட்ட பாட்டிலில் அட்டை வாசனையே தெரியாமல், பழ வாசனை மட்டும் காணாமல் போயிருக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் குடிக்கிற சுகம் போய்விடும். கடையிலோ உணவகத்திலோ தயங்காமல் வேறு பாட்டில் கேளுங்கள். இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எந்தப் பாடமும் தேவைப்படவில்லை, மழையில் ஊறிய ஒரு பெட்டியின் ஞாபகம் போதுமானதாக இருந்தது.

இப்படி ஏன் நடக்கிறது என்று பார்ப்போம். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றின் சுவை) ஆகிய ஐந்துதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருள் வாயை உலர்த்தி இழுக்கும் துவர்ப்புகூடத் தொடு உணர்ச்சியைச் சேர்ந்தது. எச்சிலில் உள்ள புரதங்களை டானின் பிடித்துக்கொள்வதால் வாயின் வழவழப்பு குறைகிறது, அவ்வளவுதான். பழம், பூ, புகை, மரம் என்று நாம் 'சுவை' என்று நினைப்பதெல்லாம் வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் ஒயின் குடியுங்கள்: புளிப்பும் துவர்ப்பும் மட்டும் தெரியும். கையை எடுத்த நொடியில் பழம் திரும்ப வந்துவிடும்.

மனிதனின் மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1991-இல் கண்டுபிடித்தார்கள். 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்குத்தான். பார்வையும் ஒலியும் மூளையின் மேல்தளத்துக்குப் போகும் முன் தலாமஸ் என்ற பகுதியைக் கடக்க வேண்டும். வாசனைக்கு அந்த நிறுத்தம் இல்லை. மூக்கின் நரம்புகள் சேரும் குமிழிலிருந்து, உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவுக்கூடத்தின் வாசலுக்கும் நேராகவே இணைப்பு இருக்கிறது. அதனால் ஒரு வாசனை வரும்போது பெயர் வருவதற்கு முன்னால் இடமும் ஆளும் மனநிலையும் வந்து நிற்கின்றன. 'தெரிந்த வாசனை, ஆனால் என்னவென்று சொல்ல வரவில்லை' என்ற தவிப்பு எல்லோருக்கும் உண்டு.

அதிலும் சின்ன வயதுதான் வருகிறதே, ஏன்? ஸ்வீடனில் வில்லாண்டர், லார்சன் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. முதியவர்களிடம் சிலருக்குச் சொல், சிலருக்குப் படம், சிலருக்கு வாசனை கொடுத்து, ஞாபகம் வருவதைச் சொல்லச் சொன்னார்கள். சொல்லும் படமும் கிளப்பிய நினைவுகள் பெரும்பாலும் வாலிபத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. வாசனை கிளப்பியவை பத்து வயதுக்கு முந்தையவை. ஒரு வாசனையை முதன்முதலாகச் சந்திக்கும்போது அதோடு ஒட்டிக்கொள்வது எதுவோ அது எளிதில் விடாது என்பதுதான் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். முக்கால்வாசி வாசனைகளை நாம் முதலில் சந்திப்பது குழந்தையாக இருக்கும்போதுதானே.

இந்தப் பாடம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் கடைசி நாட்களில் சோம்பு போல மணக்கும் அனிஸ் விதை கலந்த பண்டங்களைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள், பிறந்த சில மணி நேரத்திலேயே அந்த வாசனையின் பக்கம் தலையைத் திருப்பின. மற்றக் குழந்தைகள் கண்டுகொள்ளவில்லை, அல்லது முகம் சுளித்தன. இது 2000-இல் பிரான்ஸில் நடந்த ஆய்வு. எனக்கு இதைவிடப் பிடித்தது 1999-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு. அங்கே ஒரு காலத்தில் புட்டிப்பால் பவுடரில் வெனிலா வாசனை சேர்ப்பார்கள். ஆய்வாளர்கள் பெரியவர்களுக்கு இரண்டு வகைத் தக்காளி கெச்சப்பைக் கொடுத்து எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். ஒன்று சாதாரணமானது, மற்றதில் துளி வெனிலின். தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். புட்டிப்பால் குடித்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் வெனிலின் போட்டதையே விரும்பினார்கள். ஓக் பீப்பாய் ஒயினுக்குக் கொடுக்கும் முக்கியமான மணங்களில் ஒன்று இதே வெனிலின்தான். பீப்பாயில் முதிர்ந்த ஷார்டனே என்ற வெள்ளை ஒயினை ஒருவர் 'ஆஹா' என்பதும் இன்னொருவர் 'மரமாக இருக்கிறது' என்று தள்ளிவைப்பதும் ரசனையின் உயர்வு தாழ்வு இல்லை. எதைக் குடித்து வளர்ந்தோம் என்பதற்கும் அதில் பங்கு உண்டு.

மிட்டாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒயினில் மிட்டாய் வாசனை வருகிறது என்று சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். அது தேவையே இல்லை. நிஜமான பழத்தின் வாசனை பல சேர்மங்களின் கூட்டு. மிட்டாய் செய்பவர்கள் அதில் தூக்கலான ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள். குழந்தைக்கு அது ஒரு மூலக்கூறைத் தனியாகக் காட்டி, நிறத்தையும் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதுபோல் ஆகிவிடுகிறது. வாழைப்பழ மிட்டாயில் இருப்பது ஐசோஅமைல் அசிடேட். திராட்சைச் சாற்றை ஈஸ்ட் நொதிக்க வைக்கும்போது இதே பொருளை அதுவும் செய்கிறது. நவம்பரில் புதிதாக வெளிவரும் போஜொலே நூவோவில் வாழைப்பழமும் பபிள்கம்மும் மணப்பது அதனால்தான். ஊதா நிறத் 'திராட்சை' மிட்டாய் இன்னும் சுவாரசியம். உண்மையான திராட்சை எதுவும் இப்படி மணக்காதே என்று பலர் நினைப்பார்கள். மணக்கும். அமெரிக்காவின் கான்கார்ட் திராட்சை அப்படியேதான் மணக்கும். காரணம் மெத்தில் ஆந்த்ரனிலேட். மிட்டாய்க்காரர்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான். ஒயினுக்கு வழக்கமாகப் பயன்படும் ஐரோப்பியத் திராட்சை இனத்தில் அந்த மணம் கிடையாது. அதனால் ஒரு சிவப்பு ஒயினில் ஊதா மிட்டாய் வாசனை தெளிவாக வந்தால், உள்ளே அமெரிக்கத் திராட்சையோ அதன் கலப்பினமோ இருக்கிறது என்று ஓரளவு துணிந்தே சொல்லலாம். மிட்டாய் தின்ற குழந்தை பெரியவனாகித் திராட்சை இனத்தையே அடையாளம் கண்டுவிடுகிறது.

சரி, பாட்டில் குறிப்பு எழுதியவருக்கு வந்தது உங்களுக்கு ஏன் வரவில்லை? முதலில் பிளாக்கரன்ட். கபர்னே சொவின்யோனைப் பற்றிய குறிப்புகளில் இந்தப் பழம் இல்லாமல் இருக்காது. ஆனால் அமெரிக்காவில் 1910-களின் தொடக்கத்தில் இதன் சாகுபடியைத் தடை செய்துவிட்டார்கள். வெள்ளைப் பைன் மரங்களைத் தாக்கும் துரு நோய்க்கு இந்தச் செடி இடைத்தங்கலாக இருந்ததுதான் காரணம். கூட்டாட்சித் தடை 1966-இல் நீங்கியது, நியூயார்க் மாநிலத்தில் 2003-இல்தான் நீங்கியது. அங்கே தலைமுறை தலைமுறையாக அந்தப் பழத்தைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள் உலகத்தரமான கபர்னேயைச் செய்தார்கள், சுவைத்தார்கள், ரசித்தார்கள். பழம் தெரியாததால் அவர்கள் மூக்கு குறைந்துபோய்விடவில்லை. தாங்கள் வளர்ந்த இடத்தில் கிடைத்ததை வைத்து அந்த மணத்தைப் புரிந்துகொண்டார்கள்.

வயலட் பூ உங்கள் மூக்குக்கு எட்டாமலே போகலாம். அந்த மணத்துக்குக் காரணமான பீட்டா-அயனோன், ஒற்றை ஏற்பி மரபணுவில் உள்ள வேறுபாட்டால் சிலருக்கு மலராகத் தெரியும், சிலருக்குப் புளித்த நெடியாகத் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. மிளகு மணமும் இப்படித்தான். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினின் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 2008-இல் வெளியிட்டது. நிஜ மிளகிலும் இருப்பது அதுவே. சோதனையில் பங்கேற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அளவைப் பல மடங்கு கூட்டியும் அது மணக்கவில்லை. அப்படிப்பட்டவர் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அந்த மிளகைப் பிடிக்க முடியாது.

கடைசியாக, நனைந்த பாறை. கல்லுக்கு என்று சொந்த வாசனை கிடையாது. காய்ந்த கல்லிலும் மண்ணிலும் படிந்திருக்கும் எண்ணெய்ப் பொருள்கள்தான் ஈரம் பட்டதும் மணக்கின்றன. இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964-இல் அவற்றைப் பிரித்தெடுத்துப் 'பெட்ரிக்கோர்' என்று பெயர் வைத்தார்கள். திராட்சைத் தோட்டத்துப் பாறை வேர் வழியே ஏறிவந்து கிளாஸில் மணக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆக, அந்தக் குறிப்பை எழுதியவர் என்ன செய்தார்? மழை பெய்த ஏதோ ஒரு நாளைத்தான் அவரும் நினைத்துக்கொண்டார். உங்களைப் போலவே நினைவிலிருந்து எழுதியவர், நினைவு என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்.

குறிப்புகளில் எட்டுப் பத்து வாசனைகளை அடுக்கியிருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். பல மணங்களைக் கலந்து கொடுத்தால் அதில் மூன்று, மிஞ்சினால் நான்கைத்தான் மனிதர்களால் பிரித்துச் சொல்ல முடிகிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் லைங் பல சோதனைகளில் காட்டினார். அனுபவம் உள்ளவர்களுக்கும் இதே எல்லைதான். என்னைக் கேட்டால், இரண்டு வாசனைகளை உறுதியாகச் சொல்லும் குறிப்பை நான் நம்புவேன், பன்னிரண்டைச் சொல்லும் குறிப்பைத் தாண்டிப் போய்விடுவேன்.

நினைவு ஏமாற்றவும் செய்யும். ஆனால் பெரும்பாலும் ஏமாற்றத்தைத் தொடங்கிவைப்பது கண். 2001-இல் வெளியான போர்தோ பரிசோதனை ஒன்றில், ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வர்ணித்தார்கள். நிறத்தைக் கண்டதும் மனசு சிவப்புப் பழங்களின் பெட்டியைத் திறந்துகொண்டு, அங்கிருந்து எடுக்க ஆரம்பித்துவிட்டது. அதனால் லேபிளைப் படிப்பதற்கு முன்பே, முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டே முகருங்கள். முதலில் வந்த நினைவை எழுதி வையுங்கள், அது எவ்வளவு சம்பந்தமில்லாததாகத் தோன்றினாலும் பரவாயில்லை. அதற்கப்புறம்தான் லேபிள்.

எழுதிய பிறகு அந்த நினைவுக்குள் இறங்க வேண்டும். என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியின் மோசல் பகுதியைச் சேர்ந்த, நன்றாக வயதான ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் ஒன்றை முதன்முதலாக முகர்ந்தபோது எனக்கு வந்தது, சாயங்காலம் விளக்கைத் துடைத்துத் திரியைக் கத்தரிக்கும் காட்சி. அதோடு நிறுத்தியிருந்தால் 'வீட்டு ஞாபகம் வருகிறது' என்பதைத் தவிர யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது. அந்தக் காட்சியில் எது மணக்கிறது என்று தேடினேன். விளக்கு இன்னும் ஏற்றப்படவில்லை, ஆக புகை இல்லை. சூடான கண்ணாடியும் இல்லை. விரல் நுனியில் ஒட்டிய மண்ணெண்ணெய், சோப்பு போட்டும் போகாத அந்த மெல்லிய நெடி. அதுதான். அது பிடிபட்டதும் அதன் பின்னால் எலுமிச்சைத் தோல் தனியாகத் தெரிந்தது, அப்புறம் தேன். வயதான ரீஸ்லிங்கின் அந்த நெடிக்குக் காரணம், சுருக்கமாக டிடிஎன் என்று அழைக்கப்படும் சேர்மம். திராட்சையில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து, பாட்டிலில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது உருவாவது. வெயில் அதிகம் பட்ட திராட்சையில் கூடுதலாக வரும்.

இதுதான் நான் பின்பற்றும் முறை: காட்சியை விரட்டாமல் அதற்குள் போய், மணக்கும் பொருளைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்த பிறகு இரண்டு குறிப்பாக எழுதுங்கள். ஒன்று உங்களுக்கு: 'விளக்குத் திரி, சாயங்காலம்'. மற்றது அடுத்தவருக்கு: 'மண்ணெண்ணெய், எலுமிச்சைத் தோல், தேன்'. முதலாவதை வைத்து நீங்கள் அந்த ஒயினைப் பல வருஷம் கழித்தும் அடையாளம் காண்பீர்கள். இரண்டாவதை வைத்து மேசையில் எதிரே இருப்பவரோடு பேசலாம். அவருக்கு அதே மண்ணெண்ணெய் ஒரு கப்பல் துறையையோ பழைய அடுப்பையோ ஞாபகப்படுத்தலாம், பேச்சு நடக்கும்.

பொருளைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம் என்றால் அதற்குக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆன் நோபிள் நல்ல வழி செய்திருக்கிறார். 1980-களில் அவர் உருவாக்கிய வாசனைச் சக்கரத்தில் நடு வளையம் பொதுவாகத் தொடங்கும்: பழமா, மரமா, பச்சிலையா, மண்ணா. வெளியே போகப் போகக் குறிப்பாகும்: பழம் என்றால் எலுமிச்சை வகையா, பெர்ரியா, உலர்ந்த பழமா. 'அருமை', 'கம்பீரம்' மாதிரி எதையும் காட்டாத சொற்களுக்கு அதில் இடம் இல்லை. சொற்களோடு நிற்காமல், மணமே அதிகம் இல்லாத சாதாரண வெள்ளை ஒயினில் பொருளைப் போட்டு மூக்கைப் பழக்கவும் அவர் சொல்லிக்கொடுத்தார். ஒரு சின்னத் துண்டுக் குடைமிளகாயை அரைமணி நேரம் ஊறவிட்டு எடுத்துவிட்டு, அந்த ஒயினையும், சொவின்யோன் பிளாங்க் என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயினையும் மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள். குடைமிளகாயில் இருக்கும் மெத்தாக்ஸிபைரசின் என்ற மணப்பொருள் அந்தத் திராட்சையிலும் இருப்பது அப்போது தெளிவாகத் தெரியும்.

ஒரே கிளாஸை விடாமல் முகர்ந்துகொண்டிருந்தால் மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும். இரண்டு மூன்று முறை முகர்ந்துவிட்டு, கொஞ்சம் விலகி, சாதாரணக் காற்றை இழுத்துவிட்டுத் திரும்ப வாருங்கள். பல ஒயின்களை ஒரே அமர்வில் சுவைத்தால் துப்பிவிடுங்கள், தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். வாசனை மேலே ஏற விழுங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாயில் வைத்து மூக்கு வழியே மூச்சை வெளியே விட்டாலே போதும்.

மது குடிக்காதவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். மஸ்கட் என்ற திராட்சையில் செய்த ஒயினுக்குப் பூ மணம் தரும் லினலூல் என்ற பொருள் தேயிலையிலும் லாவெண்டரிலும் இருக்கிறது, ஓக் பீப்பாயின் புகைவாடைக்குக் காரணமான குவாயகால் வறுத்த காப்பியிலும் இருக்கிறது. இரண்டு மூன்று வகைத் தேநீரைப் பெயர் தெரியாமல் ஊற்றி வைத்து, ஒவ்வொருவரும் முதலில் வந்த ஞாபகத்தைச் சொல்லி, அதில் மணந்த பொருள் எது என்று தேடட்டும். சின்ன வயதில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் இருவர் அதில் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவருக்குப் பொருள் தட்டுப்படாத இடத்தில் மற்றவர் அதை எடுத்துக்கொடுப்பார்.